அரை மணி நேரக் கெடு

மாலை ஏழு மணிக்கு மேல் எந்த ஊர் ஜிம்முக்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். கடைசி செட் பெஞ்ச் பிரஸ்ஸை முடித்த பையன் வியர்வையைத் துடைக்கும் முன்பே பையைத் திறந்து ஷேக்கரை எடுக்கிறான். மாவு வீட்டிலேயே போட்டு வந்தாயிற்று. தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கி, உள்ளே கம்பிச் சுருள் கடகடவென்று அடிக்க நாலு குலுக்கு. நின்ற வாக்கிலேயே குடித்து முடிக்கிறான். இந்த அவசரத்துக்குக் காரணம், சேர்ந்த முதல் வாரமே மாஸ்டர் சொல்லிவைத்த கெடு. “தம்பி, ஒர்க்அவுட் முடிஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள புரோட்டீன் உள்ள போயிரணும். இல்லேன்னா தூக்குன வெயிட்டெல்லாம் வேஸ்ட்டு.”

மாஸ்டர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவருடைய மாஸ்டர் அவருக்குச் சொன்னது அது. ஆனால் அந்தக் கெடுவை நம்பி மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயை மாவு டப்பாவுக்குக் கொடுப்பவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், உணவு டெலிவரி செய்பவர்கள், காவலர் தேர்வுக்கு உடம்பைத் தயார்செய்பவர்கள். அந்தக் காசில் வீட்டில் எல்லோருக்கும் முட்டை வாங்கலாம். அதனால் கேள்வியை நேராகவே கேட்டுவிடுவோம்: அந்த அரை மணி நேரம் உண்மையா?

இல்லை என்பதுதான் இன்றைய ஆய்வுகள் தரும் பதில். புரதம் அவசியம், பயிற்சி செய்பவருக்குச் சாதாரண ஆளைவிடக் கூடுதலாகவே அவசியம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து அதைக் குடிக்க வேண்டியதில்லை. ஏன் என்று புரிய, தசைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வளர்ந்து முடிந்த உடல் ஒருமுறை கட்டி முடித்த கட்டடம் என்றுதான் 1930கள் வரை பெரும்பாலான விஞ்ஞானிகளே எண்ணியிருந்தார்கள். சாப்பிடும் புரதத்தில் துளி தேய்மானத்தை ஈடுகட்டப் போகும், மற்றதெல்லாம் எரிந்து சிறுநீரில் வெளியேறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர் அந்தக் கணக்கை உடைத்தார். சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜன் அணுவை அடையாளமாக வைத்த அமினோ அமிலங்களை எலிகளுக்குக் கொடுத்து, அந்த அணுக்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று தேடினார். எடை கூடாத, முழுதாக வளர்ந்த எலிகளின் திசுக்களில்கூட அவை பெருமளவில் புகுந்து உட்கார்ந்திருந்தன. உடலின் புரதம் ஓயாமல் உடைந்துகொண்டும் ஓயாமல் உருவாகிக்கொண்டும் இருக்கிறது என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

மனிதத் தசையும் அப்படித்தான். அதன் புரதத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் தினமும் கழிந்து, அதே அளவு புதிதாகச் சேர்கிறது. ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, மதகு வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நாம் கரையில் நின்று பார்க்கும் நீர்மட்டம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். சாப்பிட்ட சில மணி நேரம் வரத்து கூடுகிறது. இரவு பட்டினியில் போக்கு கூடுகிறது. எடை தூக்கும் பயிற்சி வரத்துக் கால்வாயையே அகலப்படுத்திவிடுகிறது.

அந்த அகலம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் அரை மணி நேரக் கெடுவின் விதி இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸும் அவருடைய சகாக்களும் 1997இல் அதை அளந்து வெளியிட்டார்கள். இப்படி அளப்பது எளிய வேலையல்ல. அடையாள அணு கொண்ட அமினோ அமிலத்தை ஒரு கை நரம்பு வழியே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். தொடையின் பக்கவாட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் சின்னதாகக் கீறி, பென்சில் அளவுத் தடிமன் உள்ள ஊசியை உள்ளே செலுத்தி, அரிசி மணிகள் சிலவற்றின் அளவுக்குத் தசையை வெட்டி எடுப்பார்கள். உடனே உறைய வைத்து, பிறகு அதில் எத்தனை அடையாள அணு சேர்ந்திருக்கிறது என்று கருவியில் பார்ப்பார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் அதே தொடையில் இன்னொரு துண்டு. நாம் ஷேக்கர் குடிப்பதைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ தொடையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் கிடைத்தது இது: பயிற்சி முடிந்து 3 மணி நேரத்தில் தசைப் புரத உற்பத்தி வழக்கத்தைவிட 112 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரம் கழித்தும் 65 சதவீதம் கூடுதல். 48 மணி நேரம் கழித்தும் 34 சதவீதம் கூடுதல். திங்கட்கிழமை மாலை ஸ்குவாட் போட்டவரின் தொடை, புதன்கிழமை மாலையிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பல ஆண்டுகளாகப் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தக் காலம் சுருங்கும். என்றாலும் அரை மணி நேரமாகச் சுருங்குவதில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பயிற்சிக்குப் பிறகு உற்பத்தி மட்டுமல்ல, உடைவும் கூடுகிறது. பட்டினியாக இருக்கும்வரை கணக்கு நட்டத்தில்தான் நிற்கும். லாபத்துக்குத் திரும்ப உணவிலிருந்து அமினோ அமிலங்கள் வந்தாக வேண்டும். ஆகவே ‘சாப்பிட வேண்டும்’ என்று மாஸ்டர் சொல்வதில் பிழையில்லை. ‘அரை மணி நேரத்துக்குள்’ என்பதில்தான் பிழை.

அப்படியானால் இந்தக் கெடு எங்கிருந்து முளைத்தது? அதற்குப் பெரிதும் உரமிட்ட ஆய்வு 2001இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து வந்தது. 12 வாரம் எடைப் பயிற்சி. ஒரு குழு பயிற்சி முடிந்தவுடன் புரத பானம் குடித்தது. மற்றொரு குழு அதே பானத்தை 2 மணி நேரம் கழித்துக் குடித்தது. உடனே குடித்தவர்களின் தொடைத் தசை பெருத்தது. தாமதித்தவர்களுக்குப் பெருக்கவே இல்லை. இதைப் படிக்கும் எவரும் ஷேக்கரைத் தேடி ஓடத்தான் செய்வார்கள்.

ஆனால் அதில் பங்கேற்றவர்கள் யார் என்று பாருங்கள். மொத்தம் 13 ஆண்கள். சராசரி வயது 74. ஒரு குழுவில் ஆறேழு பேர். பானத்தில் இருந்த புரதம் வெறும் 10 கிராம், ஒன்றரை முட்டைக்குச் சற்று அதிகம். மேலும், எந்தப் பானமும் இல்லாமல் எடை தூக்கும் முதியவர்களுக்கே தசை கூடுகிறது என்று வேறு பல ஆய்வுகள் காட்டியிருக்க, இங்கே ஒரு குழுவுக்கு மூன்று மாதப் பயிற்சியில் துளியும் கூடவில்லை என்பதே சற்று விசித்திரமான முடிவு. எழுபத்து நாலு வயது டேனிஷ் தாத்தாக்கள் 13 பேரிடம் கண்டதை இருபது வயதுப் பையன்களின் சட்டமாக்கியது ஆய்வாளர்கள் அல்ல, சந்தை.

அதன் பிறகு பலர் இதை மறுபடியும் சோதித்தார்கள். முடிவுகள் இருபக்கமும் வந்தன. 2013இல் பிராட் ஷோன்ஃபீல்ட், ஆலன் அரகான், ஜேம்ஸ் கிரீகர் மூவரும் 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உடனே குடித்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் அந்தக் குழுவினர் பெரும்பாலும் நாள் முழுவதற்கும் சேர்த்தே அதிகப் புரதம் சாப்பிட்டிருந்தார்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொண்டதும் நேரத்தின் பலன் மறைந்துபோயிற்று. அதாவது பலன் தந்தது கூடுதல் புரதம். குடித்த நேரம் அல்ல. 2017இல் ஷோன்ஃபீல்ட் குழு ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய 21 ஆண்களிடம் நேரடியாகவே பார்த்தது. ஒரு சாராருக்கு 25 கிராம் புரதம் பயிற்சிக்கு முன், மற்றவர்களுக்கு அதே 25 கிராம் பயிற்சி முடிந்தவுடன். 10 வாரம் கழித்து இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் ஒன்றும் இல்லை.

யோசித்தால் இதில் வியப்பில்லை. நாலரை மணிக்குச் சுண்டலும் இரண்டு அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போகிறவரின் ரத்தத்தில், ஏழரைக்கு அவர் பயிற்சி முடிக்கும்போதும் அந்த உணவின் அமினோ அமிலங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். அவர் வீட்டுக்குப் போய்க் குளித்து ஒன்பது மணிக்கு இரவுச் சாப்பாடு சாப்பிட்டால் போதும். நேரம் ஓரளவு முக்கியமாகும் ஒரு சூழல் உண்டு: முந்தைய இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், அதிகாலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் எடை தூக்குகிறவர்கள். அவர்கள் பயிற்சி முடிந்ததும் காலை உணவைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுவது நல்லது.

எடை தூக்குவது எப்படித் தசையை ‘கட்டு’ என்று உசுப்புகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை, ஜிம்முக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தீவில் தொடங்குகிறது. 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போனது. அங்கிருந்து கொண்டுவந்த மண்ணில் இருந்த பாக்டீரியா ஒன்று பூஞ்சையைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. மான்ட்ரியலில் சுரேன் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியின் குழு அதைப் பிரித்தெடுத்தது. தீவின் உள்ளூர்ப் பெயரான ராபா நூயியை ஒட்டி அதற்கு ராபமைசின் என்று பெயர். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மருந்தாகப் பின்னாளில் அது வந்தது. அது உடலில் எதைப் போய்த் தடுக்கிறது என்று தேடியபோது அகப்பட்டதுதான் எம்டார் என்னும் நொதி. செல்லுக்குள் சத்து வந்திருக்கிறதா, வேலை வந்திருக்கிறதா என்று பார்த்துப் புரத உற்பத்தியை முடுக்கிவிடும் மேலாளர் அது.

2009இல் கால்வெஸ்டன் ஆய்வாளர்கள் துணிச்சலான ஒரு சோதனை செய்தார்கள். எடை தூக்குவதற்கு முன் சிலருக்கு ராபமைசின் கொடுத்தார்கள். வழக்கமாகப் பயிற்சிக்குப் பின் ஏற வேண்டிய தசைப் புரத உற்பத்தி, மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஏறவே இல்லை. எடை தூக்குவதன் செய்தி எம்டார் வழியாகத்தான் போகிறது என்று மனிதத் தசையிலேயே உறுதியாயிற்று. இந்த எம்டாரை உசுப்பும் இன்னொரு பொருள் லியூசின், உணவிலிருந்து மட்டுமே கிடைக்கும் ஒன்பது அமினோ அமிலங்களில் ஒன்று. வே புரதத்தில் லியூசின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. வேயின் புகழுக்கு நியாயமான காரணம் இதுதான்.

வே என்பது என்ன? பால் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசின், மீதி ஒரு பங்கு வே. பாலை உறைய வைத்துச் சீஸ் செய்யும்போது கேசின் கட்டியாகத் திரண்டுவிடும். வே தண்ணீரோடு வடிந்துவிடும். பத்து லிட்டர் பாலில் ஒரு கிலோ சீஸ் கிடைத்தால் ஒன்பது லிட்டர் இந்தத் தண்ணீர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் இதைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், வயலில் விட்டார்கள், ஆற்றில் கலந்தார்கள். ஆற்றில் கலந்தால் அதை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் நீரின் ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சி மீன்களைச் சாகடிக்கும். அரசாங்கங்கள் கட்டுப்பாடு விதித்தன. 1970களில் நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வழியே வடிகட்டிப் புரதத்தை மட்டும் பிரிக்கும் தொழில்நுட்பம் பெருகியது. வடித்ததைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் மாவு. புரதம் 80 சதவீதம் வரை இருந்தால் கான்சன்ட்ரேட், 90 சதவீதத்தைத் தாண்டினால் ஐசோலேட். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குக் கான்சன்ட்ரேட்டில் மிஞ்சியிருக்கும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஐசோலேட்டில் அந்தத் தொல்லை குறைவு.

நம் வீட்டில் பன்னீர் வடித்த தண்ணீரும் இதுவும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பதுண்டு. ஒன்றல்ல. பன்னீருக்குப் பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிகிறோம். அந்தச் சூட்டில் வே புரதத்தின் பெரும்பகுதி உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொண்டு பன்னீரிலேயே தங்கிவிடும். வடியும் தண்ணீரில் இருப்பது சொற்பம். சப்பாத்தி மாவு பிசைய அது நல்லது. தசைக்கு அந்தப் பன்னீரைச் சாப்பிடுங்கள்.

வே வேகமாகச் செரிக்கிறது, கேசின் மெதுவாகச் செரிக்கிறது என்று பிரான்சின் கிளேர்மோன் ஃபெரான் ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். பயிற்சி முடிந்த முதல் மூன்று மணி நேரத்தை மட்டும் அளந்தால் வே முதலிடம், சோயா அடுத்து, கேசின் கடைசி. ஆனால் மூன்று மணி நேர ஓட்டத்தில் முந்துவதும் மூன்று மாதக் கணக்கில் முந்துவதும் வேறு. 2021இல் பிரேசிலின் சாவோ பாலோவில் முழுத் தாவர உணவுக்காரர்களையும் எல்லாம் சாப்பிடுபவர்களையும் 12 வாரம் ஒரே பயிற்சியில் வைத்து, இருவருக்கும் நாள் புரதம் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் ஆகும்படி சோயா மாவும் வே மாவும் கொடுத்துப் பார்த்தார்கள். தசையும் வலுவும் இரு சாராருக்கும் ஒன்றுபோலவே கூடின.

முட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜிம் பையன்கள் வெள்ளைக்கருவைத் தின்று மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். 2017இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், பயிற்சிக்குப் பின் சிலருக்கு 18 கிராம் புரதம் உள்ள முழு முட்டைகளையும், இன்னொரு நாளில் அதே 18 கிராம் வெள்ளைக்கருவிலிருந்து மட்டும் வருமாறும் கொடுத்தார்கள். அடுத்த சில மணி நேரத்தில் தசைப் புரத உற்பத்தி முழு முட்டைக்கே கூடுதலாக இருந்தது. கொழுப்பு அளவு கூடுதல் என்று மருத்துவர் எச்சரித்தவர்கள் தவிர, மற்றவர்கள் மஞ்சள் கருவை எறிய வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு வேளைக்கு எவ்வளவு? 20 கிராமுக்கு மேல் வீண் என்ற பேச்சு 2009இல் ஆறு இளைஞர்களிடம் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. பிற்பாடு ஸ்காட்லாந்தில், உடல் முழுவதற்கும் பயிற்சி செய்தவர்களுக்கு 40 கிராம் இன்னும் சற்று அதிகப் பலன் தந்தது. 2023இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு ஒரே வேளையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்து 12 மணி நேரம் தொடர்ந்து அளந்தது. உடல் அதை வீணாக்கவில்லை, நேரம் எடுத்துக்கொண்டு பயன்படுத்தியது. இதே குழு சில ஆண்டுகள் முன்பு ஒரு பசுவுக்கு அடையாள அமினோ அமிலத்தை ஏற்றி, அந்தப் பாலிலிருந்து எடுத்த 20 கிராம் கேசினை இளைஞர்களுக்குக் கொடுத்தது. ஐந்து மணி நேரத்தில் தசைப் புரதமாக மாறியிருந்தது சுமார் 2 கிராம். ஒரு டம்ளர் பானம் அப்படியே புஜமாக மாறிவிடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தோறும், மாதக்கணக்கில் சேர்வதுதான் தசை.

நாள் முழுவதற்கும் எவ்வளவு என்பதற்குத்தான் ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. 2018இல் ராபர்ட் மார்ட்டனும் ஸ்டூவர்ட் பிலிப்ஸும் மற்றவர்களும் 49 ஆய்வுகளை, 1,863 பேரின் விவரங்களை, ஒன்றுதிரட்டினார்கள். நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் கூடுகிறது. அதற்கு மேல் சராசரியாகப் பலனில்லை. அதே கணக்கில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. பயிற்சியால் மட்டும் தூக்கும் எடை சராசரியாக 27 கிலோ கூடியது. கூடுதல் புரதம் சேர்த்ததால் மேலும் கூடியது சுமார் 2.5 கிலோ. பெரும் வேலையைச் செய்வது இரும்பு. புரதம் அதற்குத் துணை நிற்கிறது.

இனி நம் தட்டுக்கு வருவோம். பயிற்சி செய்யும் 60 கிலோ இளைஞருக்கு 1.6 கணக்கில் 96 கிராம் வேண்டும். காலை நாலு இட்லி சாம்பார், மதியம் சோறு, குழம்பு, ஒரு பொரியல், மோர், மாலை டீயும் பன்னும், இரவு மூன்று தோசை சட்னி என்று சாப்பிடுகிறவருக்கு நாற்பது, ஐம்பது கிராமுக்கு மேல் தேறாது. மெய்யான பற்றாக்குறை இங்கேதான் இருக்கிறது. அரை மணி நேரத்தைத் துரத்துகிறவர்கள் இந்த ஐம்பது கிராம் பள்ளத்தைக் கவனிப்பதில்லை. மூன்று முட்டை 18 கிராம். அரை லிட்டர் பால் 16 கிராம். கைப்பிடி கொண்டைக்கடலையை, ஐம்பது கிராம் அளவு, ஊறவைத்துச் சுண்டல் செய்தால் பத்து கிராம். ஐம்பது கிராம் மீல்மேக்கர் 25 கிராம். நூற்றைம்பது கிராம் மத்தி மீன் முப்பது கிராமுக்குக் கிட்டத்தில். இவற்றில் மூன்றைச் சேர்த்தாலே பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஒரு ஸ்கூப் மாவில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், விலை பிராண்டைப் பொறுத்து அறுபதிலிருந்து நூறு ரூபாய். அதே புரதம் நாலு நாமக்கல் முட்டையில் முப்பது ரூபாய் சுற்றில் கிடைக்கிறது.

மாவுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. விடுதிச் சாப்பாட்டை நம்பி வாழ்கிறவர், ஷிஃப்ட் வேலையில் சமைக்க நேரமில்லாதவர், முட்டையும் மீனும் சாப்பிடாதவர் ஆகியோருக்கு நல்ல வே மாவு வசதியான உணவு. பாலிலிருந்து வந்த உணவு என்பதைத் தாண்டி அதில் மாயமும் இல்லை, விஷமும் இல்லை, மாவு நல்லதாக இருந்தால்.

அந்த ‘நல்லதாக இருந்தால்’ நம் நாட்டில் பெரிய கேள்வி. உணவில் எவ்வளவு புரதம் என்று அளக்க இன்றும் பரவலாகப் பயன்படும் முறை 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பாலை ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கியது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் எதிலிருந்து வந்தாலும் அதற்குத் தெரியாது. 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமைன் போட்டு இந்தச் சோதனையை ஏமாற்றினார்கள். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். புரத மாவில் மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்து எண்ணை உயர்த்திக் காட்டுவதும் இதே ஓட்டையின் வழியாகத்தான். கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸ் தலைமையில் 2024இல் வெளியான ஆய்வு இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரத மாவுகளைச் சோதித்தது. ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு, 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம். அதே ஆண்டு மே மாதம் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, புரத மாவுகளைத் தவிர்க்கும்படியே பொதுமக்களுக்குச் சொன்னது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வெளி ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைத் தொகுதி எண்ணோடு வெளியிடும் தயாரிப்பாகப் பாருங்கள். சில்லறையாகக் கவரில் அள்ளிக் கொடுக்கும் மாவை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுப்பதாக ஆய்வுகளில் சான்றில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அது சுமைதான். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிப்பவை. குடும்பத்தில் சர்க்கரை இருந்தால், புரதத்தைக் கூட்டும் முன் ஒரு கிரியாட்டினின் சோதனையும் சிறுநீரில் ஆல்புமின் சோதனையும் செய்துவிடுங்கள்.

இவ்வளவு பேச்சும் இளைஞர்களைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் புரதமும் எடைப் பயிற்சியும் யாருக்கு அதிகம் தேவை என்று கேட்டால் நான் வீட்டிலிருக்கும் பெரியவர்களைத்தான் காட்டுவேன். நடுவயதைத் தாண்டினால் தசை ஆண்டுக்கு ஒரு சதவீதம் வரை கரைகிறது. வயதான தசைக்கு உணவின் அழைப்பு சரியாகக் கேட்பதில்லை: இளைஞரின் தசையை உசுப்ப ஒரு வேளைக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போதுமென்றால், முதியவருக்கு 0.4 கிராம் வேண்டியிருக்கிறது. அறுபது கிலோ உடம்புக்கு அது 24 கிராம். நம் வீட்டில் அவர்கள் சாப்பிடுவதோ இதற்கு நேர்மாறு. “எனக்கு ரெண்டு இட்லி போதும்பா” என்று எழுந்துவிடும் அம்மாவின் இரவு உணவில் புரதம் ஐந்தாறு கிராம்கூட இருக்காது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதற்கு எலும்பு மட்டும் காரணமல்ல. தடுமாறிய உடலைத் தாங்கிப் பிடிக்கத் தொடையில் தசை இல்லை.

பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் 1994இல் வெளியிட்ட ஆய்வில் 100 பேர் இருந்தார்கள். வயது 72 முதல் 98 வரை, சராசரி 87. பலர் ஊன்றுகோலோடு நடந்தவர்கள். சிலருக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 10 வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் கால் வலு இரு மடங்குக்கும் மேல் கூடியது. வேகமாக நடந்தார்கள், படியேறினார்கள். சத்து பானம் மட்டும் குடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு வலு கூடவில்லை.

அறுபதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால் அவருடைய காலைச் சாப்பாட்டோடு ஒரு முட்டை, அல்லது ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலும் சேருங்கள். மூட்டுவலி, இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதல் வாரம் ஐந்து முறை, பிறகு பத்து. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளே அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.